எதிலும் பிடிப்பில்லாமல் நாள் ஓடுகிறதா? தேக்கத்திலிருந்து வெளியே வர ஒரு முழு வழிகாட்டி

"மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகள் எத்தனை? பல் டாக்டர், லைசென்ஸ் புதுப்பிப்பு, அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்வருவது, பாதியில் நிற்கும் கோர்ஸ், துணி போர்த்தி மூலையில் தள்ளிய தையல் மிஷின். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, மனசு மட்டும் சரியான பாடில்லை என்றால் இது உங்களுக்காக எழுதியதுதான். சொல்லவருவது ஒன்றே ஒன்று: வரிசையை மாற்றுங்கள். முதலில் செய்கை, அதற்குப் பின்னால்தான் மனசு வரும். படிக்கும்போது சுலபமாகத் தெரியும், இறங்கினால் ஏழெட்டு இடத்தில் இடறும். அந்த இடங்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

காவிரி டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கலில் ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. நமக்குக் காத்திருந்தே பழக்கம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்களா என்று காத்திருப்பு (2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது, குறுவையை நம்பி இருந்தவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்). கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு எடை போடக் காத்திருப்பு. குரூப் 4 ரிசல்ட், சிங்கப்பூர் பாஸ், ஜாதகப் பொருத்தம், கோர்ட்டில் கிடக்கும் பாகப் பிரிவினை. இது எதுவும் நம் கையில் இல்லை, சரி. ஆனால் அது வரும்வரை மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிடுகிறோம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நெல் நிற்கும் வயலிலேயே, இருக்கும் ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிற ஊர் இது. அறுப்பு முடியட்டும், பணம் கைக்கு வரட்டும் என்று இருந்தால் ஈரம் காய்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். நம் சொந்த நாட்களையும் அப்படி நடத்தலாம் என்பதுதான் கணக்கு.

முதலில்: இது தேக்கம்தானா?

எல்லா மந்தமும் ஒன்றில்லை, வகை தெரியாமல் மருந்து தேடினால் வீண் அலைச்சல்.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தாலும், பி12 குறைந்தாலும், சர்க்கரை ஏறி இறங்கினாலும் மனசு விட்டுப்போன மாதிரியேதான் இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது "எனக்கு ஒண்ணுமே பிடிக்கலை, படுத்தே இருக்கணும் போல இருக்கு" என்று சொல்கிற பெண்களில் பலருக்கு முதல் தேவை இரும்புச்சத்தாகவே இருக்கலாம். மாதக் கணக்கில் சோர்வு இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து துக்கம். வீட்டில் ஒருவர் போய்விட்டார் என்றால் அந்தப் பாரம் வேறு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எழுந்து உட்கார வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்கு அவசரம் கிடையாது.

மூன்றாவது, நிஜமான பணக் கஷ்டம். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப்பயிற்சி சொல்லித் தருவது கேலி செய்கிற மாதிரி. கடன்களை வட்டி விகிதத்தோடு ஒரு தாளில் எழுதுவது, நகைக்கடனா பயிர்க்கடனா எதை முதலில் அடைப்பது என்று விவரம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது, இதுதான் அங்கே மனநல வேலை.

நான்காவது மனச்சோர்வு நோய். இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுக்க, மனசு இறுகிக் கிடக்கிறது அல்லது எதிலும் ஆசையில்லை, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டிருக்கிறது, "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்ற நினைப்பு ஓடுகிறது என்றால் அதைத் தேக்கம் என்று சமாளிக்காதீர்கள். மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கும், ஐந்து நிமிடத்தில் முடியும். மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, மதிப்பெண் எதுவானாலும் சாவைப் பற்றிய நினைப்பு இருந்தாலோ, நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இந்த நாலும் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆனால் நாள் எல்லாம் ஒரே மாதிரி சப்பென்று இருக்கிறது என்பவர்கள் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன செய்தேன், எத்தனை மணிக்கு, அப்போது மனசு பத்துக்கு எவ்வளவு. அவ்வளவுதான். திருந்த முயற்சி செய்ய வேண்டாம், ஒரு வாரம் இருக்கிறபடியே இருங்கள்.

மன்னார்குடிப் பக்கம் என் அத்தை மகன் ஒருவன், டிப்ளமோ முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தவன். அவன் எழுதிய ஒரு நாள், அவன் சம்மதத்தோடு:

9.20 எழுந்தேன், போன் – 2
10.30 டிபன், அம்மா கத்தினாங்க – 1
11லிருந்து 1 வரைக்கும் புக்கைத் திறந்து வச்சிருந்தேன், ரீல்ஸ் – 2
2 மணி தூக்கம் – 3
5.30 டீக்கடை – 4
6.15 பக்கத்து வீட்டு மாமாவுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் பார்த்துக் கொடுத்தேன் – 7
ராத்திரி 11லிருந்து 2 வரை போன் – 2

"எனக்கு எதுவுமே பிடிக்கலை" என்றுதான் அவன் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தான். அந்த 7 அவன் கண்ணிலேயே படவில்லை, நோட்டைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் "அட, ஆமா" என்றான். மனசு சோர்ந்திருக்கும்போது நினைவும் அதற்குத் தகுந்த மாதிரியே பொறுக்கி எடுக்கும், நல்லதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் நினைவை நம்பாமல் எழுதச் சொல்கிறேன். வாரம் முடிந்ததும் 6-க்கு மேல் வந்த இடங்களையெல்லாம் வட்டம் போடுங்கள். 2-க்குக் கீழே போன இடங்களையும் பாருங்கள், பெரும்பாலும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே பொருள் திரும்பத் திரும்ப வரும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், சோர்வில் இருப்பவர் ஒவ்வொன்றாகச் செய்வதை விடுகிறார், விட விட மனசுக்குத் தீனி குறைகிறது, அதனால் இன்னும் சோர்கிறார் என்ற சுழலை விளக்கினார். அதை உடைக்கும் முறைக்குச் செயலூக்கச் சிகிச்சை என்று சொல்லலாம். நம் நாட்டிலேயே கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், மனநலப் படிப்பு படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வு நோயாளிகளிடம் ஆறிலிருந்து எட்டு அமர்வில் இதைச் செய்து பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள், 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. நோய்க்கே இந்த முறை பலன் தருகிறது என்றால் வெறும் தேக்கத்துக்கு முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

படி 2: எழும் நேரத்தை மட்டும் கட்டுங்கள்

படுக்கும் நேரத்தை நாம் தீர்மானிக்க முடியாது, தூக்கம் வந்தால்தான் வரும். எழும் நேரத்தைத் தீர்மானிக்கலாம். ஆறரை என்றால் ஞாயிறும் ஆறரை, முதல்நாள் இரவு இரண்டு மணிக்குப் படுத்திருந்தாலும் ஆறரை. எழுந்த அரைமணிக்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள், வாசலோ, கொல்லையோ, ஆற்றங்கரையோ. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக் கடிகாரம் இரவுத் தூக்கத்தை அந்தந்த நேரத்துக்குக் கொண்டுவரும்.

பகல் தூக்கம் நம் ஊரில் விட முடியாத ஒன்று, சித்திரை வெயிலில் விடச் சொல்வதும் நியாயமில்லை. மூன்று மணிக்கு முன்னால், அரைமணிக்குள், அலாரம் வைத்துத் தூங்குங்கள். காபி விஷயத்தில் கும்பகோணத்துக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்: குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதன் காஃபீனில் பாதி உடம்பில் மிச்சமிருக்கும், மாலை ஆறு மணி டிகிரி காபி இரவு பதினொன்றுக்கும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நாலு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: சின்னதாக ஒன்று, இடமும் நேரமும் சொல்லி

எல்லோரும் கவிழ்கிற இடம் இதுதான். நாளையிலிருந்து அஞ்சு மணிக்கு எழுந்து ஓடப் போகிறேன், ஆங்கிலம் கற்கப் போகிறேன், சர்க்கரையை விடப் போகிறேன் என்று மூன்றையும் ஒன்றாகத் தூக்கினால் வியாழக்கிழமைக்குள் மூன்றும் கீழே கிடக்கும், அப்புறம் "நான் இப்படித்தான்" என்ற பட்டம் வேறு. ஒன்றே ஒன்றை எடுங்கள். ஒரு மோசமான நாளிலும் செய்துவிட முடிகிற அளவுக்கு அது சின்னதாக இருக்கட்டும்.

எழுதும்போது "தினமும் நடக்கணும்" என்று எழுதாதீர்கள். "காலை காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கமலாலயம் வடகரை வரை போய்த் திரும்புவேன்" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எதற்கு அடுத்து. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதை ஆராய்ந்தார், நேரமும் இடமும் முன்கூட்டியே முடிவானால் செய்து முடிக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. காரணம் எளிது, அந்த நேரத்தில் "செய்யலாமா வேண்டாமா" என்று யோசிக்கும் வேலை மிச்சம். சோர்ந்த மனசிடம் யோசனை கேட்டால் அது வேண்டாம் என்றுதான் சொல்லும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் நோட்டில் வட்டம் போட்ட இடங்களிலிருந்து. அதோடு உடம்பு அசைவது ஒன்று, கை வேலை ஒன்று, மனிதர்களோடு ஒன்று என்று மூன்று வகையும் காலப்போக்கில் வந்து சேர வேண்டும். நடைக்கு நம் ஊர்களில் குறையே இல்லை: திருவாரூர் கமலாலயம், மன்னார்குடி ஹரித்ராநதி, தஞ்சாவூரில் புது ஆற்றங்கரை, மாயவரத்தில் துலாக்கட்டம், இல்லையென்றால் உங்கள் ஊர் வாய்க்கால் மதகு. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, தினம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். நாற்று பறிக்கிறவர்களுக்கும் நடவுக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம், அவர்களுக்கு ஓய்வுதான் வேண்டும்.

என் அத்தை மகன் அந்த 7-ஐப் பிடித்துக்கொண்டான். ஊரில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாலை போய் உட்கார ஆரம்பித்தான். சம்பளம் கிடையாது, டீ உண்டு. படிப்பை விடவில்லை. சொல்லப்போனால் பட்டறைக்குப் போகும் நாட்களில்தான் காலையில் புத்தகம் நகர்ந்தது, ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு எல்லை விழுந்ததால்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் நேரம் காலியாகக் கிடப்பவர்களுக்கு. மாமனார் மாமியார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், மாடு, சமையல் என்று விடிந்ததிலிருந்து ஓடுகிற ஒரு பெண்ணின் தேக்கம் இதற்கு நேர் எதிர். அவளுக்கு நாள் நிரம்பி வழிகிறது, ஆனால் அதில் ஒரு வரிகூட அவளுடையதில்லை. அவளிடம் போய் "ஏதாவது ஹாபி வச்சுக்க" என்று சொன்னால் அது இன்னொரு வேலையாகத்தான் சேரும்.

ஆகவே நீங்கள் முதலில் கழிக்க வேண்டும். வார நோட்டில் எந்த வேலையை வேறொருவர் செய்யலாம் என்று ஒன்றைக் கண்டுபிடியுங்கள், ஒன்றே ஒன்று, அதைப் பெயர் சொல்லி, நேரம் சொல்லிக் கேளுங்கள். "யாராவது எனக்கு உதவி பண்ணுங்களேன்" என்பது காற்றில் போய்விடும். "ஏங்க, நாளையிலேருந்து சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு நீங்க எடுத்துட்டுப் போங்க" என்பது நிற்கும், முதல் வாரம் முனகல் வந்தாலும் நிற்கும். கிடைத்த அந்த அரைமணியை வேறு வீட்டு வேலையால் நிரப்பாமல் காப்பாற்றுவதுதான் உண்மையில் கஷ்டம். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் பணம் கட்டிவிட்டு உடனே ஓடிவராமல் இருந்து பேசிவிட்டு வருவது நல்ல தொடக்கம், வீட்டில் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதால்.

படி 4: மனிதர்கள்

தேக்கத்தில் இருப்பவர் முதலில் விடுவது ஆட்களைத்தான். காரணம் சோம்பல் இல்லை, கேள்விகள். கல்யாண வீட்டுப் பந்தியில் "தம்பி இப்ப என்ன பண்றாப்ல?" என்று ஆரம்பிப்பார்கள், "இன்னும் ஒண்ணும் அமையலையா" என்று முடிப்பார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். போங்கள், ஆனால் ஒரு பதிலைத் தயாராக எடுத்துக்கொண்டு போங்கள்: "போய்க்கிட்டு இருக்கு சித்தப்பா, நல்லபடியா நடந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" உடல்நிலையை விசாரித்தால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், பத்து நிமிடத்துக்குத் திரும்பாது.

மனசுவிட்டுப் பேச ஊர் முழுக்கத் தேவையில்லை, ஒருவர் போதும். அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவர். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரவு எட்டு மணி வீடியோ காலைவிட, பகலில் திண்ணைக்கு வந்து கால்மணி உட்காரும் பக்கத்து வீட்டுக்காரர் அவர்களுக்குக் கூடுதலாக உதவுவார் என்பது என் கருத்து.

படி 5: சுற்றிச் சுற்றி வரும் நினைப்பு

"அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது", "அவன் மட்டும் எப்படி முன்னேறிட்டான்". இதை யோசனை என்று நினைக்கிறோம். யோசனை என்றால் ஒரு முடிவில் நிற்க வேண்டும், இது நிற்காது. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, கவலைக்கு என்று மாலையில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள், மற்ற நேரத்தில் வந்தால் ஒரு சொல்லில் குறித்துவைத்துவிட்டு "ஆறு மணிக்கு வா" என்று அனுப்புங்கள். ஆறு மணிக்குப் பார்த்தால் அதில் பாதி சாரமற்றுப் போயிருக்கும். இரண்டு, பழைய காயம் ஏதாவது உறுத்தினால் அதைப் பற்றித் தொடர்ந்து மூன்று நான்கு நாள், தினம் பதினைந்து இருபது நிமிடம், யாருக்கும் காட்டாமல் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் தொடங்கி ஆராய்ந்த முறை இது. எழுதி முடித்த உடனே மனசு இன்னும் கனமாக இருக்கலாம், பலன் பிறகுதான் தெரியும். எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள், அது தனியாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை.

போனும் குடியும்

போனைப் பற்றி உங்களுக்கே தெரியும். படுக்கும் அறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள், முடிந்தது.

குடி அப்படி இரண்டு வரியில் முடிவதில்லை. "ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது" என்பார்கள். தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும், மறுநாள் மனசு இன்னும் கீழே போகும், சாயங்காலம் மறுபடி கடை. தேக்கத்துக்கு மருந்தாகக் குடிப்பவர் தேக்கத்தைத்தான் வளர்க்கிறார். ஒரு எச்சரிக்கை: வருடக் கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் போய் மருந்தோடு நிறுத்த வேண்டும்.

படி 6: விட்டுப்போகும் நாட்கள்

விட்டுப்போகும். ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் வீட்டைவிட்டு இறங்க முடியாது, நடை நிற்கும், மனசும் இறங்கும். லண்டனில் பிலிப்பா லாலி 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய சேதம் எதுவும் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. எனவே மழை நாளுக்கு என்று ஒரு குறுகிய வடிவம் வைத்துக்கொள்ளுங்கள், நடைக்குப் பதில் தாழ்வாரத்தில் பத்து சுற்று.

வேதாரண்யம், பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்குக் கார்த்திகை நெருங்கிக் காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலே வயிறு கலங்கும், தூக்கம் போகும். அது நீங்கள் பின்னால் போய்விட்டதன் அடையாளம் கிடையாது. அந்த வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், இருப்பதை மட்டும் இழுத்துக்கொண்டு போங்கள்.

படி 7: உதவி கேட்பது

நாலைந்து வாரம் மேலே சொன்னதை ஓரளவு செய்தும் அசைவே இல்லை என்றாலோ, முதல் பகுதியில் சொன்ன மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தாலோ, இனித் தனியாக முட்டிக்கொள்ள வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணும் உண்டு. நேரில் போக தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அந்த இரவு தனியாக இருக்காதீர்கள், போன் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு: வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்தி, வேறு இடத்தில், வேறு ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அந்தத் தீவிரமான எண்ணம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். "அப்படி ஏதாவது நினைக்கிறியா?" என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது.

மனநோய் தீரும் என்று நம்பப்படும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் போய்வாருங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே டாக்டரையும் பாருங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தால், மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கொஞ்சம். பத்தாவது நாளே ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்தாதீர்கள், சரியாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

முதல் தடவை போகும்போது, எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், என்னென்ன மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், ஓபி கூட்டத்தில் பாதி மறந்துவிடும். கூட அம்மாவோ அண்ணனோ வந்தால் நல்லதுதான், ஆனால் அவர்களுக்கு முன்னால் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் "டாக்டர், அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்" என்று கேளுங்கள். அவர்களை வெளியே உட்காரச் சொல்லுவார், தினமும் செய்கிற வேலைதான் அவருக்கு.